உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

சென்ற ஆண்டு பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் என் மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். வருகைப் பதிவு குறைந்ததற்குக் காரணம் சொல்ல வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்து மேசையில் பரப்பினாள். ஆதார் நகல், பழைய குடும்ப அட்டையின் மங்கிய நகல், எக்கோ பரிசோதனை அறிக்கை, அரசு மருத்துவமனைச் சீட்டு. "மேம், ஒரு மனு எழுதித் தரணும். தப்பில்லாத தமிழ்ல இருந்தாத்தான் படிப்பாங்களாம்" என்றாள்.

அவளுடைய அம்மாவுக்கு இதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருக்கிறது. சிறுவயதில் தொண்டைப் புண்ணாகத் தொடங்கி, காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாக வந்து, கவனிப்பாரில்லாமல் இதயத்தில் போய்த் தங்கிவிடும் நோய் அது. நெருக்கடியான வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது. வால்வுச் சுருக்கமாக முற்றும்போது ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் காணப்படுவது. சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் மூச்சு வாங்குகிறது என்று அதை விட்டுவிட்டு, நிலக்கோட்டைச் சந்தையில் பூ வாங்கி வந்து கட்டி விற்கிறார். வால்வை மாற்ற வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கி வாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அட்டைக்கு வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். குடும்ப அட்டையில் தலைவர் அப்பா. அப்பா ஆறு வருடமாகத் திருப்பூரில் இருக்கிறார், வேறொரு பெண்ணோடு. அட்டையும் அவரிடம்தான் இருக்கிறது.

"அம்மாவைக் 'கணவனால் கைவிடப்பட்டவர்'னு எழுதிக் குடுத்தா தனி அட்டைக்கு ஏற்பாடு பண்ணலாம்னு ஒருத்தர் சொன்னாரு மேம். ஆனா அம்மா அப்படி எழுதக் கூடாதுங்குது. 'அவென் எங்கடி என்னைய விட்டான்? நான்தான அவன வெளிய போடான்னு சொன்னேன்'ங்குது."

இருபது ஆண்டுகளாகத் தமிழ் இலக்கணம் கற்பிக்கிறேன். செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் உள்ள வேறுபாட்டை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஓர் உயிர் அந்த வேறுபாட்டின்மேல் வந்து நிற்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரை ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க முயல்கிறது. பெண்ணெழுத்து பற்றிப் பேசும்போது நாம் கவிதையையும் தன்வரலாற்றையும் எடுத்துக்கொள்கிறோம். நம் பெண்களில் பெரும்பாலோர் கவிதை எழுதுவதில்லை. தம்மைப் பற்றித் தாமே எழுதும்படி அவர்களைக் கேட்கும் ஒரே பிரதி படிவம்தான். அதிலும் கேள்விகளை எழுதியவர் வேறொருவர். பதிலுக்கான கட்டங்களை வரைந்தவரும் அவரே.

விண்ணப்பித்தல்

'விண்ணப்பம்' பழைய சொல். அரசனிடமும் கடவுளிடமும் செய்வது. வள்ளலார் இறைவனை நோக்கி எழுதிய உரைநடை வேண்டுகோள்களுக்குச் சிறு விண்ணப்பம், பெரு விண்ணப்பம் என்றே பெயர். தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடம் நோக்கிச் செய்யப்படும் பேச்சு என்பது இச்சொல்லோடு ஒட்டியே வருகிறது. வட்டாட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதித் தருபவர்கள் இன்றும் 'சமூகம் ஐயா' என்று தொடங்கி 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிப்பதில் அந்தத் தாழ்வு படிந்திருக்கிறது.

தமிழில் அதிகாரத்தின் வாசலில் போய் நின்ற பெண்களில் கண்ணகிக்கு ஈடான புகழ் யாருக்கும் இல்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் நீ யார் என்று பாண்டியன் கேட்கிறான். அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஊர், பிறகு மாமனார், அடுத்துக் கணவன். அவனுக்கு மனைவி என்று சொன்ன பிறகே தன் பெயர். இன்றைய படிவத்தின் வரிசையும் ஏறத்தாழ இதுதான். அரசவையை நடுங்க வைத்த பெண்ணும் 'கணவர் பெயர்' என்ற கட்டத்தைக் கடந்துதான் தன் பெயருக்கு வரவேண்டியிருந்தது. கண்ணகியிடம் ஒரு சான்று இருந்தது: கையில் ஏந்திய ஒற்றைச் சிலம்பு. என் மாணவியின் அம்மாவிடம் அதுவும் இல்லை. அவருடைய சான்று திருப்பூரில் ஒருவருடைய சட்டைப்பையில் இருந்தது.

திட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம். 2009இல் 'உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' என்று வந்தது. 2012 ஜனவரியில் 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' ஆனது. 2018இல் ஒன்றிய அரசு பிரதமரின் பெயரால் தொடங்கிய திட்டம் இதோடு இணைக்கப்பட்டது. ஆட்சிகள் மாறினாலும் பெயரில் ஆறாம் வேற்றுமை மாறவில்லை. கிழமைப் பொருளில் வரும் வேற்றுமை அது. இன்னாருடையது என்று உடைமை சொல்வது. வரிப்பணத்தில் நடக்கும் திட்டம் முதலமைச்சருடையதாகிறது, பிரதமருடையதாகிறது. பெறுகிறவர் 'பயனாளி' ஆகிறார். 2023இல் வந்த மகளிர் தொகைக்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் மகிழ்ந்தேன். உரிமை என்று மாதம் ஆயிரம் ரூபாயைச் சொல்ல முடிந்த நாம், உயிர் பிழைப்பதை இன்னும் அப்படிச் சொல்லத் தொடங்கவில்லை.

குடும்பம் என்பது யார்

இந்தத் திட்டம் பலருக்கு உயிர் கொடுத்திருக்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள், அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் அனுமதி. முகாம்களில் வாழும் ஈழ அகதிகளுக்கு வருமான வரம்பே இல்லாமல் இதில் இடம் உண்டு. கடன் வாங்கித் தாலியை விற்று அறுவை சிகிச்சைக்குப் போன ஒரு தலைமுறையின் மகள் நான். இந்த அட்டையின் மதிப்பு எனக்குத் தெரியும். மதிப்புள்ள பொருளாக இருப்பதால்தான் அதன் வாசல் யார் அளவுக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வாசலின் அளவு 'குடும்பம்'. திட்டத்தின் வரையறைப்படி, தகுதியுடைய ஒருவர், அவருடைய சட்டப்படியான கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர். இவர்களில் யாருடைய பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதோ அவரை உறுப்பினராகவே கருதலாம், வேறு சான்று வேண்டாம் என்று ஒரு சலுகையும் உண்டு. படிக்க எளிமையான வரையறை. ஆனால் நடைமுறையில் 'தகுதியுடைய ஒருவர்' யார்? பெரும்பாலும் அட்டையின் தலைவர். அவருடைய பெற்றோர் என்றால் அது ஆணின் பெற்றோர். மகளோடு வந்து தங்கியிருக்கும் கைம்பெண்ணான தாய்க்கு இந்தச் சொற்களுக்குள் இடம் தேட வேண்டும். திருப்பூரில் அப்பாவோடு வாழும் பெண்ணுக்கும் இதில் இடமில்லை, அவர் 'சட்டப்படியான' மனைவி அல்லவே. அந்தப் பெண்ணுக்கும் காப்பீட்டு அட்டை இல்லை என்பது பின்னால்தான் தெரியவந்தது. ஒரே ஆணின் பெயரில் இரண்டு பெண்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தாள் எட்டவில்லை, இன்னொருவருக்குத் தாளே இல்லை.

அடுத்தது வருமானம். 2012இல் ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்த வரம்பு, 2022இல் தொடங்கிய கட்டத்தில் 1,20,000 ஆக உயர்ந்தது. மாதம் 10,000 ரூபாய். இது ஒரு ஆளின் வருமானம் அல்ல, குடும்பத்தின் வருமானம். சம்பாதிப்பவர்கள் எல்லாரும் ஒரே பானையில் போடுகிறார்கள், எல்லாரும் அதிலிருந்து சமமாக எடுத்து உண்கிறார்கள் என்ற நம்பிக்கையின்மேல் இந்தக் கணக்கு நிற்கிறது. சம்பள நாளன்று டாஸ்மாக் வாசலில் கணவனுக்காகக் காத்து நின்ற எந்தப் பெண்ணும் இந்த நம்பிக்கையைக் கேட்டால் சிரிப்பாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கும் ஒருவர் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வாங்கக்கூடும். அப்படியானால், அட்டை கைக்கு வந்திருந்தாலும்கூட என் மாணவியின் அம்மா ஏழையல்ல. ஒரு ரூபாய்கூடக் கண்ணில் காணாத வருமானம் அவரை வரம்புக்கு மேலே தூக்கி வைத்திருக்கும்.

ஒன்றிய அரசின் திட்டத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பைப் பயன்படுத்தினார்கள். அதில் வறுமையின் அடையாளங்களுள் ஒன்று: பெண் தலைமையில் இயங்கும், 16 முதல் 59 வயது வரையிலான ஆண் இல்லாத குடும்பம். பெண் தலைமையேற்கும் வீடு துயரப்படுகிறது என்பதை அரசு கண்டுகொண்டதே என்று முதலில் தோன்றும். இரண்டாம் முறை படித்தால் வேறொன்று தெரியும். வீட்டில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தால் அந்த வீட்டில் ஆண் இருக்கிறான். அந்தக் குறை நீங்கிவிடுகிறது. குடித்துவிட்டுத் திண்ணையில் கிடப்பவரும் ஆண்தான். வறுமையை அளக்கும் கோலில் ஆணின் இருப்பே ஒரு சொத்தாகிவிடுகிறது. அவன் என்ன கொண்டு வருகிறான் என்பது அதில் கேள்வியே இல்லை.

இதற்கு முன்பு 2008இல் ஒன்றிய அரசு கொண்டு வந்த காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 30,000 ரூபாய், ஐந்து பேருக்கு மட்டும் என்று வரம்பு இருந்தது. ஆறு பேர் உள்ள வீட்டில் யாரை விடுவது? பாட்டியா, மூத்த மகளா? அதை அந்தந்த வீடே முடிவு செய்துகொள்ளலாம். வீட்டுக்குள் யார் முடிவு செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2018இல் அந்த எண்ணிக்கை வரம்பு நீக்கப்பட்டது பெரிய விஷயம். எண்ணிக்கை நீங்கியது. எண்ணுகிற அலகு மட்டும் குடும்பமாகவே நிற்கிறது. ஐந்து லட்சம் குடும்பத்துக்குப் பொது. அதிலிருந்து முதலில் எடுப்பவர் யார், 'எனக்கென்ன, அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுபவர் யார் என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

தலைவி

அகத்திணை படித்தவர்களுக்குத் 'தலைவி' பழகிய சொல். அகப்பாடலில் அவளுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது மரபு. அரசின் அகராதியிலும் 'குடும்பத் தலைவி' அண்மையில் நிறையப் புழங்குகிறது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டைக்குப் பதினெட்டு வயது நிறைந்த மூத்த பெண்ணே தலைவர் என்று சொல்கிறது. நம் வீடுகளில் எத்தனை அட்டைகள் அப்படி மாறியிருக்கின்றன என்று ஒவ்வொருவரும் எடுத்துப் பார்க்கலாம். உரிமைத் தொகைக்கான விதி இன்னும் சுவையானது. அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவருடைய மனைவியைத் தலைவியாகக் கருதிக்கொள்ளலாம். அட்டையைத் திருத்த வேண்டியதில்லை. தொகை தரும்போது 'கருதப்படும்' தலைமை, கையெழுத்துப் போடும்போது கருதப்படுவதில்லை. "அட்டையில யார் தலைவரோ அவரக் கூட்டிட்டு வாங்க" என்றுதான் என் மாணவியிடம் சொன்னார்கள்.

தனி அட்டை வாங்க வேண்டுமென்றால் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். இணையத்தில் செய்துவிடலாம் என்றார்கள். பதிவு செய்த கைபேசி எண்ணைப் போட்டோம். ஓ.டி.பி. போனது. திருப்பூருக்குத்தான் போனது. கணவனின் வீட்டை விட்டு வெளியேற ஒரு காலத்தில் பெண்ணுக்குத் துணிவு வேண்டியிருந்தது, பிறகு பணம் வேண்டியிருந்தது. இப்போது அவனுடைய கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் வேண்டியிருக்கிறது.

கைவிடப்பட்டவர்

வழங்கல் அலுவலகத்தில் ஒரு பெண் அலுவலர் மட்டும் உட்காரச் சொல்லிக் கேட்டார். விவாகரத்து ஆணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேரில் விசாரித்துப் பெயரை நீக்க வழியிருக்கிறது, பிரிந்து வாழ்வதற்கு ஒரு சான்று மட்டும் இருந்தால் வேலை எளிது என்றார். சான்று என்றால் இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பிக்கும் 'கணவனால் கைவிடப்பட்டவர்' சான்று.

நான் எழுதிக் கொடுத்த மனுவில் 'கணவரைப் பிரிந்து வாழ்பவர்' என்றுதான் எழுதியிருந்தேன். மையத்தில் இருந்த பையன் திரையைத் திருப்பிக் காட்டினான். "நீங்க எழுதுன மாதிரி இதுல இல்ல மேடம். இருக்கறதத்தான் செலக்ட் பண்ண முடியும்."

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். 'கைவிடு' என்பதில் கை ஒருவருடையது, விடுவதும் அவரே. 'பட்ட' என்று முடியும்போது பெண் வினைக்கு இலக்காகிறாள். 'கணவனால்' என்ற மூன்றாம் வேற்றுமை வினைமுதலை அறுதியிட்டுச் சொல்கிறது. இந்தத் தொடருக்குள் பெண் செய்யக்கூடிய வினை எதுவுமில்லை. கணவன் இருந்தால் மனைவி, இறந்தால் கைம்பெண், போனால் கைவிடப்பட்டவர். திருமணமே ஆகாத ஏழைப் பெண் என்றால் ஐம்பது வயதுவரை காத்திருந்து திருமணமாகாதவருக்கான ஓய்வூதியம் கேட்கலாம். நான்கும் ஆணோடு கொண்ட அல்லது கொள்ளாத உறவின் பெயர்கள். கைவிடப்பட்ட மனைவியருக்கான ஓய்வூதிய விதியில் சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். வயது முப்பது நிறைந்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வயதில் இரண்டு பிள்ளைகளோடு அடி தாங்காமல் வெளியே வந்தவளுக்கு அங்கே பெயரே இல்லை. வெளியேற்றியவள், வெளியேறியவள் என்ற வினையாலணையும் பெயர்கள் தமிழில் உண்டு. படிவத்தில் மட்டும் இல்லை.

பிறகு விசாரணை வந்தது. கிராம நிர்வாக அலுவலரோடு தலையாரியும் வந்து அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். புருஷன் வந்து போவதுண்டா? வேறு யாராவது வருவதுண்டா? இரவில் யார் இருக்கிறார்கள்? வீட்டில் ஆண் இல்லை என்பதற்குத் தெரு சாட்சி சொல்ல வேண்டும். 'காப்பு' என்ற சொல்லுக்குப் பாதுகாப்பு என்றும் காவல் என்றும் இரண்டு பொருளும் தமிழில் உண்டு. சங்கப் பாடல்களில் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவைக்கும் காவலுக்கும் அதே சொல்தான். காப்பீடு கேட்டுப் போன பெண்ணுக்கு முதலில் கிடைத்தது அந்த இரண்டாம் பொருள். எதிர்வீட்டு ஆயா, "அது ஒழைச்சுத் திங்கிற புள்ள, அத ஏன்யா இப்படிக் கேக்குறீக" என்று சத்தம் போட்ட பிறகே அவர்கள் கிளம்பினார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டீச்சர், இதுல பொய்யில்ல எழுதியிருக்கு" என்றார். "சும்மா ஒரு தாள்தானே அம்மா, உயிர் முக்கியமில்லையா" என்று சொன்னேன். பெண்ணுக்கு மொழி எவ்வளவு முக்கியம் என்று மேடைகளில் பேசுகிற என் வாயிலிருந்துதான் 'சும்மா ஒரு தாள்' என்ற சொல் வந்தது. அவர் தன் பெயரை மெதுவாக எழுத்துக்கூட்டி எழுதினார். ஆறு வருடத்துக்கு முன்பு அவர் தன் வாழ்க்கையில் எடுத்த மிகப் பெரிய முடிவு, அந்தக் கையெழுத்தோடு அவருடைய கணவருடைய முடிவாகிவிட்டது.

எந்த உடல் காக்கப்படுகிறது

அட்டை கிடைத்த பிறகும் வாசிப்பு முடிவதில்லை. காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால் பேசும், அறுவை சிகிச்சை என்றால் பேசும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது பதிவாகியிருக்கிறது. இரத்தசோகை, வெள்ளைப்படுதல், இடுப்புவலி, மாதவிடாய் நிற்கும் காலத்துத் தூக்கமின்மை, 'ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டே சுமக்கும் மனச்சோர்வு: இவை எதற்கும் படுக்கை தேவைப்படுவதில்லை. பெண்ணுடல் ஒரே நாளில் விழுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. காப்பீட்டின் பட்டியல் விழுவதற்கு விலை வைத்திருக்கிறது, தேய்வதற்கு வைக்கவில்லை.

படுக்கைக்கும் கத்திக்கும் பணம் என்று வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டில் கசப்பான வரலாறு உண்டு. ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டத்தின் கீழும், 2012இல் சத்தீஸ்கரிலும் பீகாரிலும் காப்பீட்டு அட்டையோடு வந்த ஏழைப் பெண்களின் கருப்பைகள் தேவையில்லாமல் அகற்றப்பட்டதாகப் பெரும் புகார்கள் எழுந்தன. இளம் பெண்கள்கூட அதற்குத் தப்பவில்லை. இந்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 'பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு' என்ற வீட்டுப் பேச்சும் மருத்துவமனையின் கணக்குப் புத்தகமும் ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டன. காப்பீட்டு அட்டை அந்தச் சந்திப்புக்கு அனுமதிச் சீட்டானது. நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகள் வலுவாக இருப்பது நமக்குப் பெரிய அரண். அதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது.

இன்னொருவரும் பட்டியலில் இல்லை. நோயாளியின் படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவர். பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கூலிக்கோ கல்விக்கோ காப்பீடு இல்லை. என் மாணவியின் வருகைப் பதிவு எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது அப்படித்தான். அம்மாவின் இதயத்துக்கான செலவை அரசு ஏற்கிறது, மகளின் பருவத் தேர்வை யார் ஏற்பது? வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்தபோது நன்றாக இருந்தது. அதிலும் தெருத்தெருவாக நடக்கும் பெண்களுக்குச் 'சுகாதாரத் தன்னார்வலர்' என்று பெயர். பராமரிப்பு என்று வந்துவிட்டால் பெண் செய்வது எப்போதும் தன் ஆர்வத்தால்தான் போலிருக்கிறது.

தோழி கூற்று

இந்த அலைச்சலில் நான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு பெண்கூடத் தனியாக வரவில்லை. மகள், நாத்தனார், சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் பெண், கிராம செவிலியர் என யாரோ ஒருத்தி கூடவே வந்தாள். எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும், எந்த நகலில் கையெழுத்து வேண்டும், எந்த அலுவலர் எந்தக் கிழமை இருப்பார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அகப்பாடலில் தலைவி சொல்ல முடியாததைத் தோழி சொல்வாள். செவிலியிடம் ஒரு விதமாக, தலைவனிடம் வேறு விதமாக, உண்மையைக் காப்பாற்றிக்கொண்டே சொல்வாள். அலுவலக வாசலில் இன்று நடப்பதும் தோழி கூற்றுத்தான். அரசின் பொருட்டுச் செய்யப்படும் இந்த வேலைக்கு ஊதியமும் இல்லை, பெயரும் இல்லை. இந்தப் பெண்கள் ஒரு நாள் வரவில்லையென்றால் எத்தனை விண்ணப்பங்கள் போய்ச் சேரும் என்று யோசிக்கலாம்.

என்ன கேட்கலாம்? பெரிதாக ஒன்றுமில்லை. மருத்துவக் காப்பீட்டின் அலகு குடும்பமாக இல்லாமல் ஆளாக இருக்கட்டும். ஆதார் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கும்போது, உயிரைக் காக்கும் அட்டை மட்டும் ஏன் கூட்டாக இருக்க வேண்டும்? பிரிந்து வாழும் பெண்ணின் சொந்த வாக்குமூலமே சான்றாகட்டும்; தெருவைக் கேட்க வேண்டாம். பெயரை நீக்கும் ஓ.டி.பி. நீங்குபவரின் கைபேசிக்கு வரட்டும். திரையில் இன்னொரு சொல் சேரட்டும்: 'தனித்து வாழ்பவர்'. எதனால், யாரால் என்று கேட்காத ஒரு சொல்.

அந்த அம்மாவுக்குத் தனிக் குடும்ப அட்டை வந்தது. அவரே தலைவர். மகளின் பெயருக்கு நேரே 'உறவு' என்ற கட்டத்தில் 'மகள்' என்றிருந்தது. வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் படமெடுத்து, காப்பீட்டில் பதிந்தோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வால்வு மாற்றினார்கள். இப்போது மாடிப்படி ஏறுகிறார். இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை, மாதாமாதம் பரிசோதனை. மகள் விடுபட்ட தாளை மறுபருவத்தில் எழுதித் தேறினாள்.

போன மாதம் மல்லிகைச் சரத்தோடு கல்லூரிக்கு வந்திருந்தார். போகும்போது கேட்டார்: "டீச்சர், அந்தத் தாள்ல இருக்கிறத மாத்தி எழுத முடியுமா? வேல முடிஞ்சிருச்சில்ல."

இ-சேவை மையத்தில் கேட்டுப் பார்த்தேன். எழுத்துப்பிழை, முகவரி, பிறந்த தேதி இருந்தால் திருத்தலாம் என்றார்கள். நான் கேட்பது அந்த வகையில் வராதாம்.